உப்பிட்ட ஊர்

தென் அமெரிக்காவுக்குப் போய் வந்த நண்பர் ஒருவர் சென்ற மாதம் நம்மைப் பார்க்க வந்தார். வந்தவர் சும்மா வரவில்லை. கைப்பேசியில் முந்நூறு படங்களைச் சுமந்துகொண்டு வந்தார். படம் காட்டுவதில் அவருக்கு இருந்த உற்சாகம் பார்ப்பதில் நமக்கு இல்லை என்பதை நேயர்களிடம் ஒப்புக்கொள்ள வெட்கமில்லை. ஆயினும் மரியாதையை உத்தேசித்து, ஒவ்வொரு படத்துக்கும் "பேஷ், பேஷ்!" என்று சொல்லிக்கொண்டே வந்தோம். திடீரென்று ஒரு படம் வந்ததும், பேஷ் சொல்ல வேண்டிய வாய் திறந்தது திறந்தபடியே நின்றுவிட்டது.

பெரு தேசத்தில், பழைய இன்கா சக்கரவர்த்திகளின் தலைநகராயிருந்த குஸ்கோவுக்கு அருகில், ஆண்டிஸ் மலைகளுக்கு நடுவே மாராஸ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 10,000 அடிக்கும் அதிகமான உயரம். ஊரிலிருந்து சற்றுத் தூரத்தில் மலையின் வயிற்றைத் துளைத்துக்கொண்டு ஓர் உப்பு ஊற்றுப் பெருகுகிறது. அந்த நீரைச் சிறு சிறு வாய்க்கால்களாகப் பிரித்து, மலைச் சரிவில் படிப்படியாக வெட்டியிருக்கும் ஆயிரக்கணக்கான பாத்திகளில் தேக்கி, வெயிலில் காயவிட்டு உப்பெடுக்கிறார்கள். இன்காக்கள் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்ட தொழில் என்கிறார்கள். பார்ப்பதற்கு யாரோ ஓர் அரக்கன் வெள்ளையும் பழுப்புமாய்த் தேன் கூட்டைப் பிட்டு மலைமேல் சாய்த்து வைத்தது போலிருந்தது.

"எப்படி? இந்த மாதிரி நம் தேசத்தில் எங்கேயாவது கண்டதுண்டா?" என்று நண்பர் பெருமையுடன் கேட்டார்.

நாம் பதிலுக்குத் திண்டாடிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து வீட்டு அம்மாளின் குரல் வந்தது: "ஏன், புதுச்சேரிக்குப் போகிற வழியில் மரக்காணம் இருக்கிறதே! சாலைக்கு இரண்டு பக்கமும் பாத்தி கட்டி உப்புத்தானே எடுக்கிறார்கள்? ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வரும்போது நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள்!"

குற்றச்சாட்டு உண்மைதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாம் புதுச்சேரிக்குப் போயிருப்பது ஒரு தடவை இரு தடவை அல்ல. மாமல்லபுரத்தில் இறங்கியிருக்கிறோம், இளநீர்க் கடைகளில் இறங்கியிருக்கிறோம், மரக்காணத்தில் மட்டும் ஒரு தடவையும் இறங்கியதில்லை. பத்தாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள உப்புப் பாத்தியைப் பார்த்து வாய் பிளந்தவர்கள், முப்பது காத தூரத்துக்குள் இருக்கும் உப்புப் பாத்தியைத் தூங்கிக்கொண்டே தாண்டியிருக்கிறோம். பரிகாரம் தேட வேண்டியதுதான் என்று தீர்மானித்து, சித்திரை மாதத்தில் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கே புறப்பட்டோம்.

சென்னையிலிருந்து தெற்கே சுமார் 120 கிலோமீட்டர். மரக்காணம் இப்போது விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்த மாவட்டம் 1993-ல் பிரிக்கப்படும் வரையில் தென்னார்க்காட்டைச் சேர்ந்ததாயிருந்தது. நாம் போய்ச் சேர்ந்தபோது கீழ்வானம் வெளுக்கவில்லை. ஆனால் உப்பளத்தில் பொழுது எப்போதோ விடிந்துவிட்டது. வெயில் ஏறிவிட்டால் வெறுங்காலுடன் பாத்தியில் நிற்க முடியாது. ஆகையால் இருட்டோடு வந்து, கைவிளக்கின் வெளிச்சத்தில் வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள்.

சுமார் 3,500 ஏக்கர் பரப்புள்ள உப்பளம். சூரியன் தலை காட்டியதும் அந்தப் பரப்பு முழுவதும் கண்ணாடிச் சில்லுகளைப் பரப்பி வைத்தாற்போல் பளபளத்தது. வரப்புகளில் கூம்பு கூம்பாக உப்பு அம்பாரங்கள். சிலவற்றுக்குப் பனையோலை போர்த்தியிருந்தது, சிலவற்றுக்குத் தார்ப்பாய். தூரத்தில் நாரைகள் ஒற்றைக் காலில் நின்று இந்த வியாபாரத்தையெல்லாம் கணக்கெடுத்துக்கொண்டிருந்தன.

உப்பு விளைவிக்கும் விதத்தை ஒருவாறு தெரிந்துகொண்டோம். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் நாம் சாப்பிடும் உப்பு சுமார் 27 கிராம். மற்றவை சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் இன்ன பிறவும். எல்லாவற்றையும் ஒரே பாத்தியில் காய்ச்சினால் வாயில் வைக்க முடியாது. ஆகவே நீரை முதலில் பெரிய தேக்கங்களில் விட்டு, அங்கிருந்து அடுத்தடுத்த பாத்திகளுக்கு மாற்றுகிறார்கள். ஒவ்வொரு பாத்தியிலும் வெயிலும் காற்றும் நீரை இறுக்குகின்றன. சுண்ணாம்புச் சத்து வழியிலேயே படிந்துவிடும். தக்க பதம் வந்தபின் கடைசிப் பாத்தியில் விட்டால் உப்பு பூக்கிறது. உப்பு இறங்கியதும் மிச்சமிருக்கும் கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் உப்பு கசந்துவிடும். இவ்வளவுக்கும் முன்னால், மழைக்காலம் போனதும் பாத்திகளின் சேற்றை வாரி, மண்ணைக் காலால் மிதித்து மிதித்துத் தரையை இறுக்க வேண்டும். நீர் கீழே இறங்காமலும் சேறு மேலே வராமலும் இருப்பதற்கு அந்த மிதியல்தான் ஆதாரம். நம் வீட்டு உப்புக்கு வெண்மையைக் கொடுப்பது யாரோ சிலருடைய பாதங்கள் என்பது அன்றுதான் நமக்குத் தெரிந்தது.

ஆடவர்கள் நீண்ட பலகையால் உப்பை வாரி வரப்போரம் ஒதுக்க, பெண்கள் கூடைகளில் அள்ளித் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டினார்கள். தலைச் சும்மாட்டின் வழியாக உப்பு நீர் வழிந்து கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு மூதாட்டி கூடையை இறக்கிவிட்டு நம்மை ஏற இறங்கப் பார்த்தார்.

"படம் புடிக்க வந்தீங்களா ஐயா?"

"இல்லை, அம்மா. ஊரைப் பார்க்க வந்தோம்" என்றோம்.

"ஊரா? இங்க என்னா இருக்குது பாக்குறதுக்கு? உப்புதான் இருக்குது" என்று சிரித்தார். பிறகு, "பட்டணத்துல உப்பு என்னா விலைங்க?" என்று கேட்டார்.

பொட்டலத்தில் வரும் பொடியுப்பு கிலோ முப்பது ரூபாய்க்குப் பக்கம் இருக்கும் என்று சொன்னோம். அம்மையாருடைய சிரிப்பு சட்டென்று நின்றது. அம்பாரத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். மனத்துக்குள் ஏதோ கணக்குப் போட்டார் போலும். கணக்கின் விடையை நமக்குச் சொல்லவில்லை.

அந்த விடையை நாமே ஊகித்துக்கொள்ளலாம். உப்பளத்து நிலம் மத்திய, மாநில அரசுகளுடையது. குத்தகைக்கு எடுத்தவர்கள் உப்பு விளைவிக்கிறார்கள். கூலிக்கு வருகிறவர்கள் வாருகிறார்கள். 2006-ஆம் ஆண்டிலிருந்து அயோடின் சேர்க்காத உப்பை நேரடியாக மனிதர் உணவுக்கென்று விற்கக் கூடாது. தொண்டைக் கழலை முதலிய வியாதிகளைத் தடுக்க ஏற்பட்ட நல்ல ஏற்பாடு அது. அதில் நமக்கு ஆக்ஷேபமில்லை. ஆனால் அதன் பலனாக, பாத்தியில் வாரிய உப்பு ஆலைக்குப் போய்ச் சுத்தமாகி, மருந்து சேர்ந்து, பொட்டலத்தில் புகுந்து கடைக்கு வருவதற்குள் பல கைகள் மாறுகிறது. ஒவ்வொரு கையிலும் விலை சற்று ஒட்டிக்கொள்கிறது. முதல் கையில் ஒட்டிக்கொள்வது உப்பு மட்டுந்தான்.

"வருஷம் பூராவும் வேலை உண்டா?" என்று கேட்டோம்.

"அது எங்கங்க! தையில மிதிக்க ஆரம்பிச்சா ஆவணி புரட்டாசி மட்டும் ஓடும். ஐப்பசி மழை வுழுந்தா அளம் முழுகிப் போயிடும். அப்புறம் மூணு மாசம் கையைக் கட்டிக்கினு குந்திக்கினு இருக்க வேண்டியதுதான். பேத்தி நர்சு வேலைக்குப் படிக்குது. கரெக்டா கார்த்திகை மாசந்தான் பணம் கட்டச் சொல்றாங்க. எங்கிட்ட இருக்கிறது உப்பு. அவங்க உப்பை வாங்கிக்க மாட்டேங்கறாங்களே!"

தமிழ்நாடு அரசு 2022-ல் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால உதவியாக ரூ. 5,000 கொடுக்கத் தொடங்கியது. அது கிடைக்கிறதா என்று விசாரித்தோம். "வருதுங்க. இல்லைன்னு சொன்னா நாக்கு அழுவிப்புடும். அஞ்சாயிரம், மூணு மாசத்துக்கு. நீங்களே பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

மழை என்றால் இந்தக் கடற்கரையில் சாதாரண மழையல்ல. 2020 நவம்பரில் நிவர் புயல் இந்தப் பக்கத்தில்தான் கரை ஏறியது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரை கடந்து, விழுப்புரம் மாவட்டத்தை வெள்ளக்காடாக்கியது. வானத்திலிருந்து விழும் நல்ல தண்ணீரைக் கண்டு உலகமெல்லாம் மகிழும். அதைக் கண்டு வயிற்றில் அடித்துக்கொள்ளும் குடியானவன் உப்பளத்துக் குடியானவன் ஒருவன்தான்.

வெயில் சுடத் தொடங்கியதும் ஊருக்குள் போனோம். மரக்காணத்தில் சோழர் காலத்துப் பூமீஸ்வரர் கோயில் இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறையினரின் பாதுகாப்பிலுள்ளது. பெரிய கோபுரமில்லை, கூட்டமில்லை. கருங்கல் சுவர்களில் வரிவரியாகக் கல்வெட்டுக்கள். அந்தச் சுவர் நிழலில் ஓர் ஆடு, ஆயிரம் வருஷத்துச் சரித்திரத்தின் மேல் சாய்ந்து அசை போட்டுக்கொண்டிருந்தது.

இந்த ஊரின் வயது கோயிலின் வயதுக்கும் மேற்பட்டது. சிறுபாணாற்றுப்படையை நேயர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். நல்லூர் நத்தத்தனார் என்னும் புலவர், ஓய்மானாட்டு அரசனாகிய நல்லியக்கோடனைப் பாடியது. அவனுடைய ஊர்களாக அதில் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என்பவை வருகின்றன. கிடங்கில் என்பது இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது. எயிற்பட்டினம் என்பது, அதாவது மதில் சூழ்ந்த பட்டினம் என்பது, இந்த மரக்காணந்தான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிவைத்த கடல் வழிக் குறிப்பில் சோபட்மா என்று ஒரு துறைமுகம் வருகிறதே, அதுவும் இதுதான் என்று சொல்வோர் உண்டு. அப்படியானால், ரோமாபுரிக் கப்பல்கள் அரிக்கமேட்டுக்கு வந்த காலத்தில் இந்த ஊரும் திசை தெரிந்த ஊராகத்தான் இருந்திருக்கிறது.

அந்தப் பாட்டில் உமணர்கள் வருகிறார்கள். உமணர் என்றால் உப்பு வணிகர். அவர்களுடைய வண்டி வரிசையுடன் கூடவே பிள்ளை போல் வளர்ந்த ஒரு மந்தி, அவர்களுடைய குழந்தைகளோடு கிளிஞ்சலுக்குள் முத்தைப் போட்டுக் கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுகிறது. உப்பு விற்கிறவன் பிள்ளைக்கு முத்துக் கிலுகிலுப்பை! அது ஒரு காட்சி.

இன்னொரு காட்சியும் அதே பாட்டில் இருக்கிறது. பாணனுடைய வீட்டில் பட்டினி. அவன் மனைவி குப்பைமேட்டில் முளைத்த வேளைக் கீரையைக் கிள்ளிக்கொண்டு வந்து வேக வைக்கிறாள். அதில் போட உப்பு இல்லை. உப்பில்லாக் கீரையைத் தின்பதை அக்கம்பக்கத்தார் பார்த்துவிட்டால் என்ன சொல்வார்களோ என்று வெட்கி, கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தாரோடு பகிர்ந்து உண்கிறாள். உப்புப் பட்டினத்தைப் பாடிய அதே புலவர்தான், வறுமையின் எல்லையைக் காட்டுவதற்கு உப்பில்லாத பானையைத் திறந்து காட்டினார்.

பிற்காலத்தில் அந்த உப்பில்லாத பானை தேசத்து விஷயமாகவே ஆகிவிட்டது. 1805-ல் கும்பினியார் சென்னை ராஜதானியில் உப்பைத் தங்களுடைய ஏகபோக உரிமையாக்கிக்கொண்டார்கள். கடல் ஆண்டவனுடையது; வெயில் ஆண்டவனுடையது; இரண்டும் சேர்ந்து கொடுத்த உப்பு மட்டும் கும்பினியாருடையது! கடற்கரையில் தானாகப் பூத்த உப்பை ஓர் ஏழை ஒரு பிடி அள்ளினால் குற்றம். 1923-ல் மணங்குக்கு ஒன்றே கால் ரூபாயாயிருந்த வரியை இரண்டரை ரூபாயாக உயர்த்தினார்கள். எதிர்ப்புத் தாங்காமல் மறு வருஷம் பழையபடி குறைத்தார்கள். 1930 மார்ச் 12-ஆம் தேதி காந்தி மகான் சபர்மதியிலிருந்து புறப்பட்டு ஏப்ரல் 6-ஆம் தேதி தண்டிக் கடற்கரையில் உப்பெடுத்தார். ராஜாஜி ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சிராப்பள்ளியிலிருந்து தொண்டர் படையுடன் நடந்து, 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்து, 30-ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பெடுத்துச் சிறை சென்றார். சத்தியாக்கிரகத்துக்கு எத்தனையோ வரிகள் இருக்க, உப்பு வரியைப் பொறுக்கி எடுத்தாரே காந்திஜி, அதில் அந்தப் பாணன் மனைவியின் வெட்கத்துக்கும் பங்கு உண்டென்று நமக்குத் தோன்றுகிறது. 1947-ல் அந்த வரி ஒழிந்தது. இன்று எந்த ஏழை வீட்டுக் கீரையும் உப்பில்லாமல் வேகவில்லை. இது சிறிய வெற்றியல்ல.

ஆனால் கோயில் வாசற்படியில் உட்கார்ந்து இதையெல்லாம் நினைத்தபோது, அந்த மூதாட்டியின் வார்த்தை திரும்பவும் காதில் விழுந்தது: "எங்கிட்ட இருக்கிறது உப்பு." அன்று கீரை இருந்தது, உப்பு இல்லை. இன்று கார்த்திகை மாதத்தில் இவர்கள் வீட்டில் உப்பு இருக்கிறது, உடன் போடுவதற்குத்தான் ஒன்றுமில்லை.

மாராஸ் ஊரின் கதையை நண்பர் முழுவதும் சொல்லியிருந்தார். அங்கேயும் டிசம்பர் முதல் மார்ச் வரையில் மழைதான், வேலை கிடையாது. அங்கேயும் பாத்தியில் மிதித்துத்தான் தரையை இறுக்குகிறார்கள். ஆனால் ஒரு வித்தியாசம். அந்தப் பாத்திகள் அவ்வூரிலும் பக்கத்துக் கிராமத்திலும் வசிக்கும் குடும்பங்களுடையவை; பரம்பரையாக அநுபவித்து வருகிறார்கள். கூட்டாகச் சேர்ந்து உப்பை விற்கிறார்கள். வேடிக்கை பார்க்க வருகிறவர்களிடம் கட்டணம் வசூலித்து அதையும் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். பார்க்க வந்தவர்களின் காலால் உப்புக் கெடுகிறதென்று 2019-ல் பாத்திகளுக்குள் நடப்பதையே தடுத்துவிட்டார்கள். இன்கா சாம்ராஜ்யம் போயிற்று. ஸ்பெயின் தேசத்து ஆட்சியும் போயிற்று. பாத்தியும் பாத்திக்காரனும் நிற்கிறார்கள். தொழில் யாருடைய கையில் இருக்கிறதோ, அவனுக்குத் தொழிலில் ஒரு பங்கும் இருந்ததனாலேயே அந்த ஊர் பிழைத்தது.

மரக்காணத்தின் சுற்றுப்புறம் எதில் குறைந்தது? சென்னையைத் தாண்டித் தெற்கே வரும் பக்கிங்ஹாம் கால்வாயின் தென்கோடி இந்த ஊர்தான். ஒரு காலத்தில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் இங்கிருந்து பட்டணம் வரையில் போயின. வடக்கே சற்றுத் தூரத்தில் ஆலம்பரைக் கோட்டை கடலில் கால் நனைத்துக்கொண்டு நிற்கிறது. 1750-ல் டூப்ளேயின் கைக்கு வந்து, 1760-ல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்டு, 2004-ஆம் ஆண்டுச் சுனாமியில் மேலும் சிதைந்த கோட்டை. ஊரை ஒட்டிக் கழுவேலி ஏரி. 2021 டிசம்பரில் அதைப் பறவைகள் சரணாலயமாக அரசாங்கம் அறிவித்தது. 5,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு. சங்கப் பாட்டும், சோழர் கல்வெட்டும், கோட்டையும், கால்வாயும், பறவைகளும், உப்பும் ஒரே ஊரைச் சுற்றி அமைவது எளிதா? இருந்தும், சாலையில் பறக்கும் ஆயிரம் வண்டிகளில் இங்கே நிற்பது எத்தனை என்று கேட்டால், நாமே இதுவரை நின்றதில்லை என்று மேலே ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

வேடிக்கை பார்க்கும் கூட்டம் வந்துவிட்டால் உப்பளத்தாரின் கஷ்டம் தீர்ந்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. பாத்தியில் நிற்பவருக்குக் காலுக்கு நல்ல உறை வேண்டும். வெண்பரப்பில் எரிக்கும் வெயிலுக்குக் கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். குடிக்க நல்ல தண்ணீரும், பெண்கள் ஒதுங்க ஒரு கொட்டகையும் வேண்டும். மூன்று மாதத்து உதவி மூன்று மாதத்துக்குப் போதியதாயிருக்க வேண்டும். குத்தகை கொடுக்கும்போது வாருகிறவர்களின் கூட்டுறவுக்கும் ஒரு பங்கு நிலம் கொடுத்துப் பார்க்கலாம். இவற்றில் எதுவும் சாம்ராஜ்யத்தை விற்றுச் செய்ய வேண்டிய காரியமல்ல. உப்புக்காகச் சிறை சென்ற தேசம், உப்பு வாருகிறவருக்காக ஒரு கோப்பில் கையெழுத்திடலாகாதா?

திரும்பும் வழியில் உப்பளத்தோரம் வண்டியை மறுபடி நிறுத்தினோம். மாவடு போடக் கல்லுப்பு வேண்டும் என்று வீட்டு அம்மாள் விரும்பியதே காரணம். அந்த மூதாட்டி வேலை முடிந்து வேப்ப மர நிழலில் உட்கார்ந்திருந்தார். குத்தகைக்காரரிடம் சொல்லிவிட்டு, ஒரு சிறு பையில் உப்பை நிரப்பிக்கொண்டு வந்தார். வாங்குவதற்குக் கையை நீட்டினோம்.

"ஐயையோ, உப்பைக் கையில குடுக்கக் கூடாதுங்க, சண்டை வந்துடும். கீழ வெக்கிறேன், எடுத்துக்கங்க" என்று தரையில் வைத்தார். பணம் கொடுத்தபோது முதலில் மறுத்தார். "பேத்தியின் படிப்புக்கு" என்று வீட்டு அம்மாள் சொன்னதும் வாங்கி முடிந்துகொண்டார்.

மாவடு ஜாடி இப்போது நம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. நன்றாக ஊற இன்னும் நாள் இருக்கிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சிறு வயதில் மனப்பாடம் செய்தோம். யாரை நினைப்பது என்றுதான் இத்தனை நாளாய்த் தெரியாமலிருந்தது. ஜாடியை மழைக்காலத்தில்தான் திறப்பதென்று வீட்டில் தீர்மானமாகியிருக்கிறது. அப்போது கார்த்திகை மாதமாயிருக்கும். மரக்காணத்து அளம் தண்ணீரில் முழுகிக் கிடக்கும். நர்ஸ் பள்ளிக்கூடத்தில் பணம் கட்டும் தேதி வந்திருக்கும். அந்தத் தேதியை வீட்டு அம்மாள் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.